நரம்புச் செல்லும் மின்சமிக்ஞையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பு என்றதும் பலருக்கும் மின்கம்பிதான் நினைவுக்கு வருகிறது. மூளையிலிருந்து ஒரு கம்பி, அதில் ஓடும் மின்சாரம், மறுமுனையில் அசையும் விரல். இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்குபவர் அடுத்த பக்கத்திலேயே திணறிப்போகிறார். சோடியம் எதற்கு, பொட்டாசியம் எதற்கு, நடுவில் ரசாயனம் எங்கிருந்து வந்தது என்று எதுவுமே ஒட்டாமல் நிற்கிறது. கம்பியை மறந்துவிட்டுத் தொடங்கினால் எல்லாம் தானாகப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். பள்ளி மாணவர்கள், செவிலியர் படிப்பில் சேர்ந்தவர்கள், வீட்டில் ஒருவருக்கு நரம்புக் கோளாறு என்று மருத்துவர் சொல்லக் கேட்டு விவரம் தேடுபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நரம்பில் ஓடுவது மின்கம்பியில் ஓடும் அதே மின்சாரம்தானா?

இரண்டும் மின்சாரம்தான், ஓடும் விதம் வேறு. செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் கம்பியின் நீளவாக்கில் நகர்கின்றன. நரம்புச் செல்லில் நகர்பவை அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள். அவை செல்லைச் சுற்றியுள்ள சவ்வைக் குறுக்கே கடந்து உள்ளே வருகின்றன, வெளியே போகின்றன. செய்தி நீளவாக்கில் போகிறது. சவ்வைக் கடக்கும் அயனிகளோ குறுக்குவாக்கில் போகின்றன. இந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதன் விரிவுதான்.

கம்பியில் அனுப்பும் சமிக்ஞை தூரம் கூடக் கூடத் தேயும். நரம்புத் துடிப்பு தேய்வதில்லை. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் தொடங்கிப் பாதம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் ஒரே செல்லின் இழை இருக்கிறது. ஆக்ஸான் எனப்படும் அந்த இழையில், கிளம்பியபோது இருந்த அதே வலுவோடு துடிப்பு கடைசிவரை போய்ச் சேர்கிறது. வழியிலுள்ள ஒவ்வோர் இடமும் அதைப் புதிதாக உண்டாக்குவதுதான் காரணம். திரியில் வைத்த நெருப்பு பக்கத்து இடத்தைப் பற்றவைத்துக்கொண்டே போவது போன்றது இது. திரி ஒருமுறை எரிந்தால் சாம்பல்தான். ஆக்ஸானோ சில மில்லிநொடிகளில் அடுத்த துடிப்புக்குத் தயாராகிவிடுகிறது.

செல்லுக்கு மின்னழுத்தம் எங்கிருந்து கிடைக்கிறது?

உப்புகளிலிருந்து. செல்லின் உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். நம் நரம்புச் செல்களில் பொட்டாசியத்தின் செறிவு வெளியே இருப்பதைவிட உள்ளே ஏறக்குறைய 30 மடங்கு. சோடியத்துக்கு இது தலைகீழ். வெளியே சுமார் 10 மடங்கு கூடுதல். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றுவது சவ்வில் பதிந்திருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவருகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957-இல் இதை விவரித்தார். வேதியியலுக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது 1997-இல்தான்.

இங்கே ஒரு தவறான விளக்கம் பரவிக்கிடக்கிறது. பம்ப் மூன்றை வெளியேற்றி இரண்டை மட்டும் உள்ளே விடுவதால்தான் உள்பக்கம் எதிர்மின் ஆகிறது என்று பல குறிப்பேடுகளில் பார்க்கலாம். அந்தக் கணக்கால் நேரடியாகக் கிடைப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே. முக்கியக் காரணம் கசிவு. சவ்வில் எப்போதும் திறந்தே இருக்கும் சில பொட்டாசியம் கால்வாய்கள், அதாவது அயனிகள் கடந்துபோகும் புரதத் துளைகள், உண்டு. உள்ளே செறிந்திருக்கும் பொட்டாசியம் அவற்றின் வழியே வெளியே கசிகிறது. போகும் ஒவ்வோர் அயனியும் ஒரு நேர்மின்னூட்டத்தைக் கொண்டுபோகிறது. அதற்கு ஈடான எதிர்மின் அயனிகள் சவ்வைக் கடக்க முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகின்றன. கசியக் கசிய உள்பக்கம் எதிர்மின் ஆகி, வெளியேறப் பார்க்கும் பொட்டாசியத்தைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்குகிறது. தள்ளலும் இழுப்பும் ஏறத்தாழச் சமனாகும்போது உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்து நிற்கிறது. இதுதான் ஓய்வுநிலை மின்னழுத்தம். மைனஸ் 70 என்று எழுதுகிறோம்.

70 மில்லிவோல்ட் அற்பமாகத் தோன்றலாம். சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்புலத்தை அந்த மெல்லிய கொழுப்புப் படலம் இரவுபகலாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. சாதாரணக் காற்றில் இதில் நான்கில் ஒரு பங்கு இருந்தாலே பொறி பறக்கும்.

துடிப்பு பிறக்கும் கணத்தில் சவ்வில் என்ன நடக்கிறது?

எல்லாம் ஒன்றிரண்டு மில்லிநொடிகளில் முடிந்துவிடும். அதனால்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கசிவுக் கால்வாய்களைத் தவிர, மின்னழுத்தம் மாறும்போது திறக்கும் சோடியம் கால்வாய்களும் பொட்டாசியம் கால்வாய்களும் சவ்வில் உண்டு. ஓய்வில் இவை மூடிக்கிடக்கின்றன. ஏதோ ஒரு தூண்டல், உள்ளழுத்தத்தை மைனஸ் 70-இலிருந்து மைனஸ் 55 அளவுக்கு, அதாவது துடிப்பு தொடங்கும் வாசல் அழுத்தத்துக்கு, உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சோடியம் கால்வாய்ப் புரதத்தில் நேர்மின்னூட்டம் கொண்ட சில பகுதிகள் சவ்வுக்குள் புதைந்திருக்கின்றன. இதுவரை உள்பக்கத்தின் எதிர்மின் இழுப்பு அவற்றை உள்நோக்கிப் பிடித்துவைத்திருந்தது. அந்தப் பிடி தளர்ந்ததும் அவை வெளிப்பக்கமாக நகர்கின்றன. அந்த நகர்வு கால்வாயைத் திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது. சோடியம் நேர்மின் என்பதால் உள்ளழுத்தம் மேலும் ஏறுகிறது. ஏறியதால் இன்னும் பல கால்வாய்கள் திறக்கின்றன. இன்னும் சோடியம் பாய்கிறது. தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழலில் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் அழுத்தம் பூச்சியத்தைத் தாண்டி, பிளஸ் 30 அல்லது 40 வரை போய்விடுகிறது.

அங்கேயே நின்றுவிட்டால் செல் ஒரே ஒரு செய்தியோடு முடிந்துபோகும். நிற்காததற்கு இரண்டு காரணங்கள். சோடியம் கால்வாய் திறந்த சற்று நேரத்திலேயே அதன் உட்புறத்திலுள்ள ஒரு சிறு புரதத் துண்டு மடங்கிவந்து பாதையை அடைபடச் செய்கிறது. அதே தூண்டலுக்குச் சற்றுத் தாமதமாக அசைந்துகொடுக்கும் பொட்டாசியம் கால்வாய்கள் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் முழுதாகத் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியே பாய, உள்பக்கம் மறுபடி எதிர்மின் ஆகிறது. அந்தக் கால்வாய்கள் மூடிக்கொள்வதிலும் மெதுவாக இருப்பதால் அழுத்தம் மைனஸ் 70-க்கும் சற்றுக் கீழே இறங்கி, பிறகு பழைய இடத்துக்கு வருகிறது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதற்கும் செயல்நிலை மின்னழுத்தம் என்று பெயர். இந்தப் பக்கத்தில் துடிப்பு என்றே சொல்லிவருகிறேன்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பம்ப் வேலை செய்து சோடியத்தை வெளியேற்றிய பிறகுதான் அடுத்த துடிப்பு வருமா?

இல்லை. அழுத்தத்தைக் கீழே கொண்டுவருவது பொட்டாசியத்தின் வெளியேற்றம்தான், பம்ப் அல்ல. ஒரு துடிப்பின்போது சவ்வின் மின்னழுத்தம் 100 மில்லிவோல்ட் மாற, ஒரு சதுர மைக்ரோமீட்டர் பரப்பில் சுமார் 6,000 அயனிகள் கடந்தாலே போதும். செல்லுக்குள் இருக்கும் அயனிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். தடித்த ஆக்ஸான்களில் பம்பை நஞ்சூட்டி நிறுத்திய பிறகும் துடிப்புகள் தொடர்ந்து ஓடுவதை ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். பம்ப் செய்வது நீண்டகாலப் பராமரிப்பு. அது நின்றுவிட்டால் செறிவு வேறுபாடு மெல்ல மெல்லக் கரைந்து, கடைசியில் செல் ஊமையாகிவிடும்.

லேசாகத் தொட்டால் சின்னத் துடிப்பு, அழுத்தினால் பெரிய துடிப்பு என்று உண்டா?

கிடையாது. வாசல் அழுத்தத்தைத் தாண்டினால் முழுத் துடிப்பு, தாண்டாவிட்டால் எதுவும் இல்லை. தொடல் எவ்வளவு வலுவானது என்பதைச் செல், துடிப்புகளின் எண்ணிக்கையில் சொல்கிறது. லேசான தொடலுக்கு நொடிக்குச் சில துடிப்புகள். அழுத்தமான தொடலுக்குப் பல பத்துகள், சில செல்களில் நூற்றுக்கணக்கில். எத்தனை செல்கள் ஒரே சமயத்தில் பேசுகின்றன என்பதும் கணக்கில் சேரும். தனி நரம்பிழை ஒன்றின் துடிப்புகளைப் பதிவுசெய்து இதை நிறுவியவர் இங்கிலாந்தின் எட்கர் ஏட்ரியன். 1932-இல் சார்லஸ் ஷெரிங்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கண்ணிலிருந்து வருவதும் காதிலிருந்து வருவதும் வடிவத்தில் ஒரே மாதிரியான துடிப்புகள்தான். ஒன்றை ஒளியாகவும் மற்றதை ஒலியாகவும் நாம் உணர்வதற்குக் காரணம், அவை மூளையில் போய்ச் சேரும் இடம். இதை முதன்முதலாகப் புரிந்துகொள்ளும் எவரும் சற்று நேரம் யோசனையில் ஆழ்ந்துவிடுவார்கள், ஆழத்தான் வேண்டும்.

துடிப்பு பாதி வழியில் ஏன் திரும்பி வருவதில்லை?

கடந்துவந்த இடத்தில் சோடியம் கால்வாய்கள் இன்னும் அடைபட்டே இருப்பதால். ஏறக்குறைய ஒரு மில்லிநொடிக்கு அந்த இடத்தை எவ்வளவு தூண்டினாலும் எழாது. முன்னே இருக்கும் சவ்வு தயாராக இருக்கிறது, பின்னே இருப்பது தயாராக இல்லை. ஆகவே துடிப்பு முன்னேதான் போக முடியும். ஆக்ஸானின் நடுவில் செயற்கையாக மின்தூண்டல் கொடுத்தால் அது இரு பக்கமும் ஓடும். ஒருவழிப் பாதை என்பது இழையின் குணம் அல்ல. எந்த முனையில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது.

நரம்புச் செய்தியின் வேகம் எவ்வளவு?

மெல்லிய, மயலின் என்ற உறை இல்லாத இழைகளில் நொடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர். மெதுவாக நடக்கும் மனிதரின் வேகம். தடித்த, உறையிட்ட இழைகளில் நொடிக்கு 120 மீட்டர் வரை.

இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று 19-ஆம் நூற்றாண்டின் பெரிய உடலியலாளர் யோஹானஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-வாக்கில் அளந்துகாட்டினார். தவளைக் கால் தசையோடு சேர்ந்த நரம்பை எடுத்து, தசைக்கு அருகே ஒருமுறையும் தொலைவில் ஒருமுறையும் தூண்டினார். தசை சுருங்க ஆன நேர வித்தியாசத்தையும் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தையும் வைத்து வேகத்தைக் கணக்கிட்டார். கிடைத்தது நொடிக்கு 25 முதல் 40 மீட்டருக்குள். எண்ணம் உடலில் பயணம் செய்ய நேரம் எடுக்கிறது என்ற செய்தி அன்று பலருக்கும் அதிர்ச்சியாக இருந்தது.

மயலின் உறை என்ன செய்கிறது?

ஆக்ஸானைச் சுற்றித் துணைச் செல்கள் தங்கள் சவ்வைப் பல அடுக்குகளாகச் சுருட்டிவைப்பதுதான் மயலின். கை கால் நரம்புகளில் இதைச் செய்பவை ஷ்வான் செல்கள். மூளையிலும் முதுகுத்தண்டிலும் ஆலிகோடென்ட்ரோசைட்டுகள். உறை தொடர்ச்சியாக இருக்காது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளிகளுக்கு ரான்வியர் கணுக்கள் என்று பெயர். சோடியம் கால்வாய்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன.

ஒரு கணுவில் துடிப்பு எழும்போது உள்ளே வந்த மின்னூட்டம் இழையின் உள்ளாக அடுத்த கணுவரை பரவுகிறது. உறை தடிமனாக இருப்பதால் வழியில் கசிவு குறைவு. சவ்வில் மின்னூட்டத்தை நிரப்ப வேண்டிய செலவும் குறைவு. எனவே அடுத்த கணு மிக விரைவில் வாசலை எட்டி, புதிய துடிப்பை எழுப்புகிறது. துடிப்பு கணுவுக்குக் கணு தாவுகிறது என்று பாடநூல்கள் எழுதுவது இதைத்தான். வெளியே எதுவும் குதித்துப் போவதில்லை; மின்னோட்டம் இழைக்குள்ளேயேதான் போகிறது.

மயலின் இல்லாமலும் வேகத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு: இழையைத் தடிமனாக்குவது. ஸ்க்விட் என்ற கணவாய் வகை அதைத்தான் செய்தது. ஆனால் உறையில்லாத இழையில் வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் விட்டம் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். நம்முடைய எல்லா வேக நரம்புகளும் அப்படி இருந்திருந்தால் அவற்றை உள்ளடக்க முதுகுத்தண்டே போதாது. மயலின் நரம்பு மண்டலத்தின் மிகச் சிறந்த ஏற்பாடுகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்றும், பிறகு மந்தமாகவும் இரண்டு முறை வலிப்பது ஏன்?

இரண்டு வகை வலி நரம்பிழைகள் இருப்பதால். மெல்லிய மயலின் உறையுள்ளவை நொடிக்குச் சுமார் 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் கூர்மையான வலியைக் கொண்டுபோகின்றன. உறையில்லாதவை நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் போகும். பாதத்திலிருந்து முதுகுத்தண்டு ஒரு மீட்டர் தூரம் என்றால், இரண்டாவது வலி வந்துசேர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். இடித்த கணத்தில் கவனித்துப் பார்த்தால் இந்த இடைவெளி தெளிவாகத் தெரியும்.

ஒரு செல் முடிந்து அடுத்த செல் தொடங்கும் இடத்தில் செய்தி எப்படிக் கடக்கிறது?

பெரும்பாலும் வேதிப்பொருளாக மாறி. இரண்டு செல்களும் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். அங்கே 20 நானோமீட்டர் அளவில் ஓர் இடைவெளி இருக்கிறது. இவ்வளவு சிறிய இடைவெளியைப் பார்க்க 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது. நரம்பு மண்டலம் முழுவதும் ஒரே வலை என்று கேமில்லோ கால்ஜியும், தனித்தனிச் செல்கள் என்று சாண்டியாகோ ரமோன் இ கஹாலும் வாதிட்டார்கள். 1906-இல் நோபல் பரிசை இருவரும் சேர்ந்தே பெற்றார்கள். வென்றது கஹாலின் கருத்து.

வேதிப்பொருள்தான் கடக்கிறது என்பதைக் காட்டியது ஆட்டோ லோவி 1921-இல் செய்த ஆய்வு. இரண்டு தவளை இதயங்கள், இரண்டும் உப்புநீரில் துடித்துக்கொண்டிருக்கின்றன. முதல் இதயத்தோடு இணைந்த வேகஸ் நரம்பை, அதாவது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் நரம்பை, தூண்டினார், இதயத் துடிப்பு மந்தமானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். எந்த நரம்பும் தூண்டப்படாத அந்த இதயமும் மந்தமானது. நரம்பு எதையோ நீரில் சுரந்திருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். ஆய்வின் திட்டம் தமக்குக் கனவில் தோன்றியதாக லோவியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1936-இல் அவரும் ஹென்றி டேலும் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, சினாப்ஸின் உள்ளே. ஆக்ஸானின் நுனியில் சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் நரம்புக் கடத்தி மூலக்கூறுகள், அதாவது செய்தியைச் சுமக்கும் வேதிப்பொருள். துடிப்பு நுனியை அடைந்ததும் அங்குள்ள கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. கால்சியத்தின் செறிவு செல்லுக்கு வெளியே ஏறக்குறைய 10,000 மடங்கு அதிகம். ஆகவே அது விரைந்து உள்ளே வருகிறது. நுண்பையையும் சவ்வையும் இறுகப் பிணைத்து வைத்திருக்கும் புரதங்கள் கால்சியம் வந்ததும் வேலையை முடிக்கின்றன: பை சவ்வோடு ஒன்றிக் கலந்து, உள்ளிருப்பதை இடைவெளியில் கொட்டிவிடுகிறது. மூலக்கூறுகள் பரவி மறுபக்கத்துச் சவ்விலுள்ள ஏற்பிகள் என்ற புரதங்களில் ஒட்டுகின்றன. ஏற்பிகள் திறந்து அயனிகளை உள்ளே விடுகின்றன. செய்தி மறுபடி மின்சாரமாகிறது. இத்தனையும் அரை மில்லிநொடி முதல் ஒரு மில்லிநொடிக்குள். கடத்திகள் பை பையாகத்தான், முழு எண்ணிக்கையில்தான் வெளியாகின்றன என்று 1950-களில் காட்டியவர் பெர்னார்ட் காட்ஸ்.

மின்சாரமாகவே நேராகக் கடக்கும் சினாப்ஸ் இல்லவே இல்லையா?

இருக்கிறது. சில இடங்களில் இரண்டு செல்களின் சவ்வுகளும் மிக நெருங்கி, பொதுவான நுண்துளைகள் வழியே அயனிகள் நேராகப் போய்வருகின்றன. 1959-இல் ஃபர்ஷ்பானும் பாட்டரும் நன்னீர் இறால் வகையான கிரேஃபிஷில் இதை விவரித்தார்கள். நம் மூளையிலும் உண்டு. தாமதம் மிகக் குறைவு என்பதால், தப்பியோடும் அனிச்சைச் செயல்களுக்கும் பல செல்கள் ஒன்றாகத் துடிக்க வேண்டிய இடங்களுக்கும் பயன்படுகிறது.

நேராகப் போக முடியும் என்றால் வேதிப்பொருள் என்ற சுற்றுவழி எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நேரடி இணைப்பு சொன்னதை அப்படியே சொல்லும். வேதி இணைப்பில் செய்தியை மாற்ற முடியும், கூட்ட முடியும், மறுக்கவும் முடியும்.

குளூட்டமேட் என்ற கடத்தி அடுத்த செல்லை வாசலை நோக்கி உயர்த்துகிறது. காபா, கிளைசின் ஆகியவை குளோரைடு கால்வாய்களைத் திறந்து அதை அடக்கி வைக்கின்றன. மூளையின் வெளி அடுக்கான புறணியின் ஒரு செல்லுக்குப் பல ஆயிரம் சினாப்ஸ்கள். சிறுமூளையின் பர்கின்ஜி செல் ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் அரை மில்லிவோல்ட், ஒரு மில்லிவோல்ட் என்று மேலேயோ கீழேயோ தள்ளுகிறது. இந்தச் சிறு அலைகள் தேய்ந்துகொண்டே செல்லுடல் வழியாக ஆக்ஸானின் தொடக்கத்தை அடைகின்றன. அடுத்தடுத்து வந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பல இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் வந்தாலும் கூடும். கூட்டிக் கழித்த விடை வாசலைத் தாண்டினால் துடிப்பு, இல்லையென்றால் மௌனம். செல் முடிவெடுக்கும் இடம் அதுதான்.

அடக்கும் சமிக்ஞை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ட்ரிக்னைன் நஞ்சு சாட்சி. அது கிளைசினின் ஏற்பியை அடைத்துவிடும். சிறு ஓசை கேட்டாலும் உடல் முழுவதும் விறைத்து வலிப்பு வரும்.

இணைப்பின் வலுவும் மாறக்கூடியது. அடிக்கடி பயன்படும் சினாப்ஸ்கள் பல இடங்களில் வலுப்பெறுகின்றன. நாம் கற்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் அடிப்படை இதுதான் என்று இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது.

வேலை முடிந்த கடத்தி என்னவாகிறது?

உடனே அகற்றப்படுகிறது, இல்லையென்றால் ஒரு செய்தி முடிவே இல்லாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். தசையோடு நரம்பு சேரும் இடத்தில் ஒரு நொதி அசிட்டைல்கோலினை உடைக்கிறது. ஒரே ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை உடைக்கவல்லது. குளூட்டமேட், செரட்டோனின், டோபமைன் போன்றவற்றைச் செல்களே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளில் ஒரு பெரிய வகை, செரட்டோனின் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதுதான்.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை முடக்குகின்றன. எச்சில் வழிகிறது, தசைகள் துடித்துத் துடித்து ஓய்ந்துபோகின்றன, மூச்சு நிற்கிறது. தெளிப்பவர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும் என்று வலியுறுத்துவதன் காரணம் இதுதான். இந்தப் பூச்சிமருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் போகும்.

கால் மரத்துப்போவது ஏன்? அப்புறம் ஊசி குத்துவது போல் இருப்பது ஏன்?

நெடுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்தால் நரம்பும் அதற்குச் செல்லும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் அழுந்துகின்றன. துடிப்புகள் அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகின்றன. எழுந்ததும் ரத்தம் திரும்புகிறது. நிலைகுலைந்திருந்த இழைகள் எந்தத் தூண்டலும் இல்லாமலே தாறுமாறாகத் துடிக்கின்றன. மூளை அதைக் குத்தலாகப் புரிந்துகொள்கிறது. சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் கவலை வேண்டாம். காரணமே இல்லாமல் அடிக்கடி மரத்தால், அல்லது மரத்த இடத்தில் பலவீனமும் சேர்ந்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகமோ உடலின் ஒரு பக்கமோ திடீரென மரத்துப்போனால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. அது பக்கவாதமாக இருக்கலாம்.

பல் பிடுங்கும் முன் போடும் ஊசி எப்படி வலியை நிறுத்துகிறது?

லிடோகைன் போன்ற மருந்துகள் சவ்வைக் கடந்து உள்ளே போய், உள்பக்கமாகச் சோடியம் கால்வாயை அடைக்கின்றன. துடிப்பு அந்த இடத்தில் எழவே எழாது. காயம் காயம்தான், செய்தி மட்டும் மூளைக்குப் போவதில்லை. பஃபர் மீனின் டெட்ரோடோடாக்சின் நஞ்சு அதே கால்வாயை வெளிப்பக்கமாக அடைக்கிறது. லிடோகைனைச் செலுத்திய இடத்தோடு நிறுத்தலாம். மீன் நஞ்சு உடல் முழுவதும் பரவி, மூச்சுத் தசைகளையும் நிறுத்திவிடும்.

எந்த நோய் இந்தப் பாதையில் எங்கே தாக்குகிறது?

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயில் மூளை, முதுகுத்தண்டின் மயலினை உடலின் சொந்த நோயெதிர்ப்பு மண்டலமே தாக்குகிறது. கீயான்-பாரே நோயில் கை கால் நரம்புகள் தாக்கப்படுகின்றன. பெரும்பாலும் மயலின்தான் இலக்கு. மயஸ்தீனியா கிராவிஸில் ஆக்ஸான் நலமாக இருக்கிறது, மறுகரையில் தசையிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகள் குறைந்துபோகின்றன. அதனால்தான் அந்த நோயாளிக்குக் காலையில் விழித்திருக்கும் இமை மாலையில் தொங்குகிறது. பாட்டுலினம் நச்சு, நுண்பைகளைச் சவ்வோடு பிணைக்கும் புரதங்களை வெட்டிவிடுகிறது. பை இருக்கும், கால்சியம் வரும், கடத்தி மட்டும் வெளியே வராது.

மருத்துவர் எழுதித் தரும் நரம்புக் கடத்தல் பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையில் செய்ததையேதான். தோலின் மேல் இரண்டு இடங்களில் சிறு மின்தூண்டல் கொடுத்து, தசையிலிருந்து வரும் பதில் அலையின் நேரத்தையும் உயரத்தையும் அளக்கிறார்கள். நலமான பெரியவரின் கை நரம்பில் வேகம் பொதுவாக நொடிக்கு 50 மீட்டருக்கு மேல், காலில் 40 மீட்டருக்கு மேல் இருக்கும். வேகம் மிகவும் குறைந்திருந்தால் மயலின் கோளாறைச் சந்தேகிக்கலாம். வேகம் இருந்தும் உயரம் குறைந்தால் ஆக்ஸான்களே அழிந்திருக்கலாம். கை சில்லிட்டிருந்தால் கால்வாய்கள் மெதுவாகத் திறந்து வேகம் பொய்யாகக் குறையும். அதனால் பரிசோதனைக்கு முன் கையைச் சூடாக்குவார்கள். சூடாக்காமல் எடுத்த அறிக்கை கையில் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு சிறிய நிகழ்வை எப்படித்தான் அளந்தார்கள்?

ஸ்க்விட்டின் தயவால். அதன் ராட்சத ஆக்ஸான் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் தடிமன். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். 1939-இல் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் பிளிமத் கடல் ஆய்வகத்தில் அதற்குள்ளேயே மின்வாயைச் செருகித் துடிப்பைப் பதிவுசெய்தார்கள். அழுத்தம் பூச்சியத்தில் நிற்கும் என்றுதான் அதுவரை எதிர்பார்த்தார்கள். அதைத் தாண்டி நேர்மின் பக்கம் போனது. சில வாரங்களில் போர் மூண்டது. மீண்டும் தொடங்கி, 1952-இல் சோடியம், பொட்டாசியம் ஓட்டங்களைக் கணித சமன்பாடுகளாக வெளியிட்டார்கள். ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தில் அவற்றைத் தீர்த்து, துடிப்பின் வடிவத்தையும் வேகத்தையும் வருவித்தார். கால்வாய் என்ற புரதத்தை அன்று யாரும் பார்த்திருக்கவில்லை. தனிக் கால்வாய் ஒன்றின் மின்னோட்டத்தை எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் 1976-இல்தான் பதிவுசெய்தார்கள். ராடரிக் மெக்கின்னன் பொட்டாசியம் கால்வாயின் அணு அமைப்பை வெளியிட்டது 1998-இல்.

தலையில் மின்வாய்களை ஒட்டி எடுக்கும் இஇஜி இந்தத் துடிப்புகளைத்தான் பதிவுசெய்கிறதா?

பெரும்பாலும் இல்லை. துடிப்பு மிகக் குறுகியது; ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே மில்லிநொடியில் துடித்தாலொழிய மண்டையோட்டைத் தாண்டி வெளியே தெரியாது. இஇஜியில் தெரிவது சினாப்ஸ்களில் எழும் மெதுவான அலைகளின் கூட்டுத்தொகை. புறணியில் ஒரே திசையில் நிற்கும் லட்சக்கணக்கான செல்களின் அலைகள் ஒன்றுசேரும்போது தோலின் மேல் பத்து, நூறு மைக்ரோவோல்ட் அளவில் கிடைக்கிறது. ஹன்ஸ் பெர்கர் 1929-இல் மனிதரில் இதை முதன்முதலாக வெளியிட்டார். வலிப்பு நோயில் பெருங்கூட்டமான செல்கள் ஒன்றாகத் துடிப்பதால் அலை பெரிதாகி எளிதில் கண்ணில் படும். இரண்டு வலிப்புகளுக்கு இடையே எடுக்கும் இஇஜி முற்றிலும் இயல்பாக இருக்கவும் கூடும். அறிக்கை இயல்பு என்று வந்தால் வலிப்பு நோயே இல்லை என்று முடிவுகட்டி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.